எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

‘எம்டன்’ என்ற சொல்லைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஆள் சரியான எம்டன்’ என்றால் எதற்கும் துணிந்தவன், யார் கைக்கும் அகப்படாதவன் என்று பொருள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிவிட்டு இருளில் மறைந்தது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. கப்பலின் பெயர் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது.

அதே கப்பல் அடுத்த மாதம் சென்னைக்கு இன்னொரு சேதத்தையும் செய்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்டோபரில் மினிக்காய்த் தீவுக்கு அருகே ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை எம்டன் மடக்கி மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த சரக்குகளில் ஒன்று, நகரங்களைப் பற்றிய ஒரு கண்காட்சி. ஏதென்ஸ் முதல் எடின்பரோ வரை, மனிதர்கள் நகரங்களை எப்படிக் கட்டினார்கள், எப்படிக் கெடுத்தார்கள், எப்படித் திருத்தலாம் என்று காட்டும் வரைபடங்கள், ஓவியங்கள், நிழற்படங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பெரும்பரிசு பெற்றது அது. ஒரு மனிதரின் பல ஆண்டு உழைப்பு இந்துமாக்கடலின் அடியில் போய்ச் சேர்ந்தது.

அந்த மனிதர் பேட்ரிக் கெடிஸ். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் வேறொரு கப்பலில் மகனுடன் வந்துகொண்டிருந்ததால் அவர் தப்பினார். வயது அறுபது. கண்காட்சி போன செய்தி கிடைத்ததும் அவர் திரும்பிப் போய்விடவில்லை. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் அவசரமாகச் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு, 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தில் மீண்டும் அந்தக் கண்காட்சியை அமைத்தார்.

நம் நகரத்தின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான தருணம் என்று நான் கருதுகிறேன். நகரம் என்றால் என்ன என்று யோசிக்கும் ஒரு முறை அன்று சென்னைக்கு வந்து சேர்ந்தது. அதில் நாம் எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

*

கெடிஸ் கட்டடக் கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். 1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, லண்டனில் ‘டார்வினின் புல்டாக்’ எனப் பெயர்பெற்ற தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். 1879இல் மெக்சிகோவில் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது சில காலம் கண்பார்வை மங்கி, இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. உருப்பெருக்கியைக் கொண்டு வேலை செய்ய இனி இயலாது என்ற நிலையில், கண்ணுக்குத் தெரியும் பெரிய உயிரி ஒன்றின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. அதுதான் நகரம்.

1886இல் திருமணமானதும் மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் பழைய நகரில், வசதியுள்ளவர்கள் கைவிட்டுப் போயிருந்த நெரிசலான குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், முற்றங்களைத் துப்புரவு செய்தார்கள், காலி மூலைகளில் செடி வைத்தார்கள். இடிக்க வேண்டிய ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் இடித்து, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தார்கள். பின்னாளில் உலகமெங்கும் அவர் சொன்ன பாடத்தை முதலில் தன் வீட்டு வாசலில்தான் செய்து பார்த்திருக்கிறார்.

அதே 1886இல்தான் பிரெஞ்சுச் சிறையிலிருந்து விடுதலையான ரஷ்யர் ஒருவர் இங்கிலாந்துக்கு வந்து குடியேறினார். பீட்டர் குரோபோட்கின். அரச வம்சத்தில் பிறந்து, சைபீரியாவை அளந்த புவியியலாளராகி, பின்னர் அரசே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர். கெடிஸுக்கும் அவருக்கும் நட்பு ஏற்பட்டது. பிரெஞ்சுப் புவியியலாளரும் அதே கொள்கைக்காரருமான எலிசே ரெக்லுவும் கெடிஸ் எடின்பரோவில் நடத்திய கோடைகால வகுப்புகளில் உரையாற்றினார்.

குரோபோட்கின் நகரமைப்பாளர் என்று அறியப்படுபவர் அல்லர். ஆனால் நவீன நகரமைப்புச் சிந்தனையின் வேர்களைத் தோண்டினால் அவர் தட்டுப்படாமல் இருக்க மாட்டார். ‘வயல்கள், தொழிற்சாலைகள், பட்டறைகள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு 1899இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம் எளியது. பெருநகரத்தில் குவியும் பெருந்தொழில் தவிர்க்க முடியாத விதியல்ல. மின்சாரம் வந்துவிட்டது. இனி தொழில் சிறு ஊர்களுக்குப் பரவலாம். வயலும் பட்டறையும் அருகருகே இருக்கலாம். மூளை வேலை செய்பவனும் கைவேலை செய்பவனும் ஒரே மனிதனாக இருக்கலாம். உலகில் ஒன்றையொன்று அழித்துப் பிழைப்பதே உயிர்களின் நியதி என்று ஹக்ஸ்லி எழுதியதற்கு மறுமொழியாகத் தொடங்கி 1902இல் நூலான அவரது இன்னொரு வாதம், ஒன்றுக்கொன்று துணைநின்றே உயிர்கள் தழைக்கின்றன என்பது. ஹக்ஸ்லியின் மாணவரான கெடிஸ் இந்த விஷயத்தில் ஆசிரியரின் பக்கம் நிற்கவில்லை, ரஷ்யரின் பக்கமே நின்றார்.

மேலிருந்து ஆணையிடும் அரசுமீது சந்தேகம், சாதாரண மக்களின் கைத்திறன்மீது நம்பிக்கை, ஒரு நிலப்பகுதியை முழுமையாகப் பார்க்கும் புவியியல் கண் ஆகிய மூன்றிலும் இருவருக்கும் ஒற்றுமை உண்டு. அவற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் கெடிஸ் சென்னையில் வந்து இறங்கினார். அவரை அழைத்ததோ பிரிட்டிஷ் கவர்னர். இந்த முரண்பாடு அவர் இந்தியாவில் செய்த வேலை முழுவதிலும் உண்டு.

*

தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், நாகப்பட்டினம், கோயம்புத்தூர் என்று மாகாணத்தின் ஊர்களை அவர் நடந்தே பார்த்தார். இந்தியாவில் அவர் எழுதிய நகர அறிக்கைகள் ஏறத்தாழ ஐம்பது. அவற்றின் தொடக்கம் இந்தப் பயணம்தான்.

அன்றைய நகராட்சிகளுக்கு ஊரைத் திருத்துவதென்றால் ஒரே வழிதான் தெரியும். நெரிசலான தெருக்களின் நடுவே வரைகோல் வைத்து நேராக ஒரு சாலையை வெட்டுவது. வழியில் இருக்கும் வீடுகள் போகும். குடியிருந்தவர்கள் பக்கத்துத் தெருவில் போய் அடைவார்கள். நெரிசல் இடம் மாறுமே தவிர குறையாது. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்குத் தீட்டப்பட்டிருந்த திட்டமும் இவ்வகைப்பட்டதே. கெடிஸ் அதே பகுதியை வீடு வீடாகப் பார்த்து வேறொரு வரைபடம் போட்டார். பாழடைந்த மனை ஒன்றைச் சிறு திடலாக்கினார். ஒரு முடுக்கின் வாயை மட்டும் அகலமாக்கினார். ஏற்கெனவே நின்ற மரத்தைச் சுற்றி உட்காரும் இடம் அமைத்தார். இடிபடும் வீடுகள் மிகக் குறைவு, செலவும் குறைவு. காலை வெட்டி எறிவதற்குப் பதில் காலைக் காப்பாற்றும் அறுவை மருத்துவத்தோடு இந்த முறையை அவர் ஒப்பிட்டார். மருத்துவர் முதலில் நாடி பார்க்க வேண்டும், பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். திட்டத்துக்கு முன் கள ஆய்வு என்பதே அவருடைய முதல் விதி.

தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. மாடவீதிகள் அகலமாக இருப்பதற்குக் காரணம் எந்த நகராட்சிச் சட்டமும் அல்ல, ஆண்டுக்கொருமுறை தேர் வந்தாக வேண்டும் என்பதே என்று அவர் கண்டுகொண்டார். திண்ணையை முன்னால் இழுத்துக் கட்டுபவனைத் தடுப்பது தேர். மயிலாப்பூர்வாசிகளுக்கு இது விளங்கும். பங்குனியில் கபாலீசுவரர் தேர் நான்கு மாடவீதிகளையும் சுற்றி வருகிறதென்றால், ஊர் தன் தெருக்களை ஆண்டுதோறும் அளந்து பார்த்துக்கொள்கிறது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

கெடிஸின் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரு வரைபடம் உண்டு. மலையிலிருந்து கடல்வரை ஓடும் ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கைக் குறுக்காக வெட்டிக் காட்டுவது. மேலே சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டியும் வேடனும், இடையில் ஆயனும், கீழே உழவனும், கரையில் மீனவனும். நகரம் என்பது தனியாக முளைத்த ஒன்றல்ல, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் திரண்டு வந்து சேரும் இடம் என்றார். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றார். தமிழ் வாசகருக்கு இங்கே வேறொன்று நினைவுக்கு வராமல் போகாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மக்களையும் தொழிலையும் நீரையும் மரத்தையும் கருப்பொருளாக நிறுத்திய மரபு நம்முடையது. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் நமக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றை அவர் கொண்டுவரவில்லை என்பதையாவது சொல்லலாம்.

*

அவர் சொன்னவற்றில் இன்று நம்மை அதிகம் சுடுவது குளங்களைப் பற்றியது.

கொசுவால் மலேரியா பரவுகிறது என்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, தேங்கிய நீர் எல்லாவற்றையும் தூர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் சுகாதார அதிகாரிகளிடையே வலுத்திருந்தது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்டால் கிணறு எதற்கு, குளம் எதற்கு என்றும் கேட்டார்கள். கெடிஸ் இதை எதிர்த்தார். குளத்தைத் தூர்க்காதீர்கள், தூர் எடுங்கள் என்றார். மீனும் வாத்தும் இருந்தால் கொசுப்புழு மிஞ்சாது. குளம் வெப்பத்தைத் தணிக்கிறது, மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது, ஊரார் கூடும் இடமாகிறது. குழாய் என்றைக்காவது பழுதாகும், அன்றைக்குக் கைகொடுக்கும் காப்பீடு பழைய கிணறுதான் என்பது அவருடைய வாதம். உயிரியலாளர் பேசுகிறார் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. பொறியாளருக்குக் குளம் ஒரு பள்ளம். அவருக்கோ அது ஓர் உறுப்பு.

இனி சென்னையைப் பார்ப்போம். கெடிஸின் கூட்டாளியான கட்டடக் கலைஞர் லான்செஸ்டர் சென்னையை ஆராய்ந்து எழுதிய நகரமைப்பு நூல் 1918இல் வெளியானது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சூட்டில் பிறந்த மிகப் பெரிய குழந்தை தியாகராய நகர். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே நீண்டு கிடந்தது ஓர் ஏரி. ஆங்கிலேயர் அதை ‘லாங் டாங்க்’ என்றே அழைத்தனர். 1923இல் மாம்பலம் பகுதியில் அந்த ஏரியை வடித்து மனைகள் பிரிக்கும் பணி தொடங்கியது. ஒரு சில ஆண்டுகளில் பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகள் பிரிந்தோடும் புதிய நகர் எழுந்தது.

தி. நகரைக் கெடிஸ் வடிவமைத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் அப்போது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். ஆனால் அவர் வந்துபோன பத்தாண்டுக்குள், அவர் பரப்பிய துறையின் பெயரால், அவர் செய்யாதே என்று சொன்ன காரியம் இங்கே மிகப் பெரிய அளவில் நடந்தது. பூங்காக்களும் நிழற்சாலைகளும் வேண்டும் என்ற பாதியை எடுத்துக்கொண்டோம். நீரைத் தொடாதே என்ற பாதியை விட்டுவிட்டோம்.

*

இந்த இடத்தில் ஏரியை அழித்தவர்களை வில்லன்களாக்கி முடித்துவிடுவது எளிது. அது நியாயமாகாது.

நகரம் நெரிந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இடமில்லை. மாம்பலத்துக்கு ரயில் நிலையம் வந்துவிட்டது. ஏரிக்குக் கீழே வயல்கள் வீடுகளாகிவிட்டால் கலங்கலையும் மதகையும் பார்த்துக்கொள்ள யாருக்கும் அக்கறை இருப்பதில்லை. மயிலைத் தெப்பக்குளத்துக்குக் கோயில் இருந்தது. பாசன ஏரிக்குப் பாசனக்காரன் போனபின் யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. தி. நகரின் தெருப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பிட்டி தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், உஸ்மான், தணிகாசலம், சௌந்தரபாண்டியனார். நீதிக்கட்சியின் வரலாறே அங்கே பலகைகளாக நிற்கிறது. கோயிலும் அக்ரகாரமும் மாடவீதியும் யார் எங்கே இருக்கலாம் என்று முன்பே எழுதிவைத்திருந்த ஊர்களுக்கு வெளியே, பூங்காவை நடுவில் வைத்து ஒரு நகர் எழுந்ததற்கு ஓர் அரசியல் பொருள் இருக்கிறது. கெடிஸின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. ‘இருப்பதைக் காப்பாற்று’ என்ற அவர் முறையை அப்படியே பின்பற்றினால், இருக்கும் ஊரோடு இருக்கும் சாதியும் சேர்ந்தே காப்பாற்றப்படும். தேர் தெருவின் அகலத்தைக் காத்தது உண்மை. அந்தத் தெருவில் எல்லோரும் நடக்க முடிந்ததா என்ற கேள்வியும் உண்மை. வெளியூரிலிருந்து வந்து ரசித்தவரின் கண்ணுக்கு முதலாவது தெரிந்த அளவுக்கு இரண்டாவது தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே புதிய நகர் வேண்டும் என்றது பிழையன்று. ஏரியைக் காலி மனையாக எண்ணியதுதான் பிழை. இத்தனை மழை பெய்தால் அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எங்கே போகிறது என்ற கள ஆய்வு முதலில் நடந்திருந்தால், ஏரியின் ஒரு பகுதியையாவது நடுவில் வைத்து அதைச் சுற்றித் தியாகராய நகரை எழுப்பியிருக்கலாம். பனகல் பூங்காவுக்குப் பதில் பனகல் ஏரி என்று ஒன்று இருந்திருக்கலாம். நீதியும் நீரும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

அதன் பின்னும் பாடம் படிக்கவில்லை. வடக்கே எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் படிப்படியாகத் தூர்க்கப்பட்டது. நீரின் அமைதியையும் மழையின் சிறப்பையும் பாடியவருக்கு 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி நிலத்தின்மீதுதான் நிற்கிறது.

*

2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது. மேற்கு மாம்பலத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, குடம் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றோம். 2021 நவம்பரில் தி. நகர்த் தெருக்களில் மீண்டும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதை விளக்க அறுபது வயதில் கடல்கடந்து வந்தவரை, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நாம் அனுபவத்தால் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

கெடிஸின் இறுதிக் காலம் துயரம் மிகுந்தது. அவரோடு இந்தியா வந்த மகன் அலஸ்டர் 1917இல் பிரான்சின் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். சில வாரங்களில் அன்னா கல்கத்தாவில் காலமானார். அறிக்கைகளில் பெரும்பாலானவை அலுவலக அலமாரிகளில் தூங்கின. என்றாலும் அவர் ஓயவில்லை. ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார், தாகூரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார், 1925இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் தீட்டினார். 1932 ஏப்ரலில் பிரான்சின் மோன்பெலியே நகரில் இறந்தார். லூயி மம்ஃபோர்டு என்ற அமெரிக்க மாணவரின் எழுத்துக்கள் வழியாகவும், 1947இல் வெளிவந்த இந்திய அறிக்கைகளின் தொகுப்பு வழியாகவும்தான் அவர் பெயர் நிலைத்தது.

நூல்களைவிட நடையே சிறந்த ஆய்வு என்று நம்பியவர் அவர். ஆகவே வாசகர்களுக்கு ஒரு நடையைப் பரிந்துரைத்து முடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வள்ளுவர் கோட்டத்தில் தொடங்குங்கள். அருகிலேயே ‘லேக் ஏரியா’ என்று ஒரு குடியிருப்பு, ‘டாங்க் பண்ட் ரோடு’ என்று ஒரு சாலை. இருபுறமும் கட்டடங்களுக்கு நடுவே கறுத்து ஓடும் மாம்பலம் கால்வாயைப் பின்தொடருங்கள். அது தி. நகரைக் கடந்து நந்தனத்துக்கு அருகே அடையாற்றில் கலக்கும்வரை போக முடிந்த இடமெல்லாம் போங்கள். திரும்பும் வழியில் ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலத்துக்குள் நுழைந்தால், ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். அந்தத் தெருவில் நின்று பார்த்தால் ஏரி தெரிவதில்லை, ஒரு நல்ல மழை நாளைத் தவிர.